தழும்பு சிறியது என்பதால் சிகிச்சையும் சிறியதா?

நெஞ்சைப் பிளக்கவில்லை, வயிற்றைக் கிழிக்கவில்லை. தொடை இடுக்கில் ஒரு சிறு துளை போட்டு, வெடிக்கும் நிலையில் இருந்த பெருந்தமனி வீக்கத்தைச் சரிசெய்துவிட்டார்கள். நோயாளி சில நாட்களிலேயே நடந்து வீட்டுக்குப் போனார். இப்படிப்பட்ட செய்திகளை இப்போது அடிக்கடி படிக்கிறோம். அவை பொய்யல்ல. 40 ஆண்டுகளுக்கு முன்பு கற்பனையிலும் வராத வேலையை இன்றைய ரத்தநாள அறுவை சிகிச்சை நிபுணர்கள் அன்றாடம் செய்கிறார்கள். ஆனால், செய்தி முடிகிற இடத்தில் சிகிச்சை முடிவதில்லை. உள்ளே பொருத்திய குழாய் ஐந்தாவது ஆண்டில், பத்தாவது ஆண்டில் எப்படி இருக்கிறது, அதை யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே அந்த உயிர் உண்மையில் காப்பாற்றப்பட்டதா என்பது தெரியும். சிக்கலான பெருந்தமனி வீக்கங்களுக்கான ஸ்டென்ட் கிராஃப்ட் என்னும் துணிக்குழாய் சிகிச்சை, வசதியுள்ள ஒவ்வொரு மருத்துவமனையும் தன் பெயர்ப்பலகையில் சேர்த்துக்கொள்ளும் சேவையாகப் பரவக் கூடாது. தேர்ந்தெடுத்த சில மையங்களில் அதைக் குவிக்க வேண்டும். அந்த மையங்கள் தங்கள் முடிவுகளைப் பொதுவில் வைக்க வேண்டும். நோயாளியை ஆயுள் முழுக்கக் கண்காணிக்கும் கடமையையும் ஏற்க வேண்டும். இதற்கான ஆதாரங்கள் கடந்த 20 ஆண்டுகளில் போதுமான அளவு சேர்ந்துவிட்டன.

இதயத்திலிருந்து கிளம்பி, நெஞ்சுக்கூடு வழியாக இறங்கி, வயிற்றின் பின்பக்கம் முதுகெலும்பை ஒட்டி ஓடும் குழாய்தான் பெருந்தமனி. உடலின் எல்லா உறுப்புகளுக்கும் ரத்தம் இதிலிருந்தே பிரிகிறது. வயிற்றுப் பகுதியில் இதன் விட்டம் சாதாரணமாக 2 செ.மீ. அளவில் இருக்கும். வயது, புகைப்பழக்கம், உயர் ரத்த அழுத்தம், குடும்ப வழி போன்ற காரணங்களால் சுவர் தளர்ந்தால், தேய்ந்த சைக்கிள் டயருக்குள்ளிருந்து டியூப் புடைப்பதுபோல அந்த இடம் வீங்குகிறது. 3 செ.மீ. ஆனால் அதை வீக்கம் என்கிறார்கள். ஆண்களுக்கு 5.5 செ.மீ., பெண்களுக்கு 5 செ.மீ. அளவை எட்டினால் சரிசெய்வது பற்றி யோசிக்க வேண்டும் என்பது பொதுவான வரையறை. பெரும்பாலும் வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது, எந்த அறிகுறியும் இருக்காது. வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரியவந்தால் அது அதிர்ஷ்டம். தெரியாமலேயே வெடித்தால் பெரும்பாலானோர் பிழைப்பதில்லை. பலர் மருத்துவமனை வாசலைக்கூட எட்டுவதில்லை.

இதை மனிதன் எதிர்கொண்ட வரலாறு நீண்டது. 1948இல் ருடால்ஃப் நிஸ்ஸன் என்ற அறுவை சிகிச்சை நிபுணர் ஆல்பர்ட் ஐன்ஸ்டைனின் வயிற்றைத் திறந்து, வீங்கிய பெருந்தமனியைச் செலஃபேன் தாளால் சுற்றி மூடினார். அன்றைக்கு அதற்கு மேல் செய்ய வழியில்லை. ஐன்ஸ்டைன் 6 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். 1955 ஏப்ரலில் அந்த வீக்கம் வெடித்தபோது மறுபடி அறுவை சிகிச்சை வேண்டாம் என்று மறுத்துவிட்டு இறந்தார். இடைப்பட்ட காலத்தில், 1951இல், பாரீஸில் சார்ல் துபோஸ்ட் வீங்கிய பகுதியை அகற்றி, இறந்தவரின் உடலிலிருந்து எடுத்த தமனியைப் பொருத்திக் காட்டியிருந்தார். அமெரிக்காவின் ஹூஸ்டனில் மைக்கேல் டிபேக்கி டாக்ரான் துணியைத் தையல் இயந்திரத்தில் தானே குழாயாகத் தைத்து, செயற்கைத் தமனிக்கு வழி திறந்தார். அதே ஊரில் ஸ்டான்லி கிராஃபோர்டு, நெஞ்சிலும் வயிற்றிலுமாகப் பரவிய பெரும் வீக்கங்களை மாற்றும் அறுவை சிகிச்சையை ஒரு துறையாகவே வளர்த்தார். துணிக்குழாயைத் தமனிக்குள்ளேயே செலுத்தி விரித்துவிடலாமே என்ற எண்ணத்தை 1987இல் அன்றைய சோவியத் உக்ரைனின் கார்கிவ் நகரில் நிகோலாய் வோலோதோஸ் நெஞ்சுத் தமனியில் செய்துகாட்டினார். உலகம் அதை வெகு காலம் கவனிக்கவே இல்லை. 1990இல் புவெனஸ் ஐரிஸில் ஹுவான் பரோடி வயிற்றுத் தமனியில் செய்தபோதுதான் மருத்துவ உலகம் திரும்பிப் பார்த்தது.

பரோடியின் வழி எளிமையானது. உலோகக் கம்பிச் சட்டத்தோடு இணைத்த துணிக்குழாயைச் சுருக்கி, தொடைத் தமனி வழியாக மேலே ஏற்றி, வீக்கத்துக்குள் விரித்துவிட வேண்டும். அதன் பின் ரத்தம் புதுக்குழாய்க்குள் ஓடும். பழைய சுவர் மீது அழுத்தம் விழாது. ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. வீக்கத்துக்கு மேலே, சிறுநீரகத் தமனிகளுக்குக் கீழே, குழாய் இறுகப் பிடித்து நிற்க 10 முதல் 15 மி.மீ. நீளத்துக்காவது நல்ல சுவர் வேண்டும். இந்தக் ‘கழுத்து’ இல்லாமல் வீக்கம் சிறுநீரகத் தமனி வரையிலோ, அதற்கு மேலே குடல், கல்லீரல் ஆகியவற்றுக்கான தமனிகளையும் தாண்டி நெஞ்சுக்குள்ளோ ஏறிவிட்டால் அது சிக்கலான வீக்கம். சாதாரண குழாயை அங்கே விரித்தால் இரண்டு சிறுநீரகங்களுக்கும் குடலுக்கும் போகும் ரத்தம் அடைபட்டுவிடும். அதனால்தான் துணியில் ஜன்னல் வைத்த குழாய்களும், கிளை வைத்த குழாய்களும் பிறந்தன. 1990களின் பிற்பகுதியில் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் ஜன்னல் முறையை வளர்த்தார்கள். சான்பிரான்சிஸ்கோவில் டிம் சூட்டர் கிளை முறையை உருவாக்கினார். கிளீவ்லாந்தின் ராய் கிரீன்பெர்க் இரண்டையும் நூற்றுக்கணக்கான நோயாளிகளிடம் செய்து, முடிவுகளை வெளியிட்டு, வழக்கத்துக்குக் கொண்டுவந்தார்.

இந்த வேலையின் நுணுக்கத்தைக் கொஞ்சம் அருகிலிருந்து பார்த்தால்தான் என் வாதம் புரியும். சிகிச்சைக்கு வாரக்கணக்கில் முன்பே, மெல்லிய துண்டுகளாக எடுத்த சி.டி. ஸ்கேன் படங்களைக் கணினியில் நிமிர்த்திவைத்து அளக்கிறார்கள். ஒவ்வொரு கிளைத் தமனியும் எத்தனை மில்லிமீட்டர் உயரத்தில் பிரிகிறது, கடிகார முகப்பில் சொன்னால் எத்தனை மணித் திசையில் பிரிகிறது என்று குறிக்கிறார்கள். சிறுநீரகத் தமனியின் விட்டமே 5, 6 மி.மீ.தான். அதற்கு நேராகத் துணியில் வைக்கும் ஜன்னலும் ஏறத்தாழ அதே அளவு. இந்தக் கணக்கின்படி அந்த ஒரு நோயாளிக்கென்றே குழாயைத் தொழிற்சாலையில் தைத்து அனுப்புகிறார்கள். வந்துசேர வாரங்கள், சில சமயம் இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். அவ்வளவு காலம் காத்திருக்க முடியாதவருக்கு, அறுவை அரங்கிலேயே தனி மேசையில் குழாயை உறையிலிருந்து வெளியே எடுத்து, சூட்டுக்கருவியால் துணியில் துளையிட்டு, துளையின் விளிம்பில் மெல்லிய கம்பி வளையத்தைத் தைத்து, மறுபடி சுருக்கி உறைக்குள் திணித்து மருத்துவரே தயார்செய்யும் முறையும் உண்டு. உள்ளே கொண்டுபோன பிறகு குழாயை முழுதாக விரிக்காமல், பாதி கட்டிய நிலையிலேயே எக்ஸ்ரே திரையைப் பார்த்துத் திருப்பித் திருப்பிச் சரிபார்த்து, ஒவ்வொரு ஜன்னல் வழியாகவும் ஒரு கம்பியைச் செலுத்தி அந்தந்த உறுப்பின் தமனிக்குள் நுழைக்க வேண்டும். பின்பு ஒவ்வொன்றிலும் துணி போர்த்திய ஒரு சிறு ஸ்டென்ட்டை வைத்து இணைக்க வேண்டும். ஜன்னல் சில மில்லிமீட்டர் தள்ளிப்போனால் ஒரு சிறுநீரகம் போய்விடலாம்.

இதைவிடக் கொடிய ஆபத்து தண்டுவடத்துக்கு. பெருந்தமனியின் பின்புறச் சுவரிலிருந்து பிரியும் சிறு தமனிகளே தண்டுவடத்துக்கு ரத்தம் தருகின்றன. நீளமான குழாய் அவற்றை மூடிவிடுகிறது. சிகிச்சை முடிந்து கண் விழித்தபோது இரு கால்களையும் நன்றாக அசைத்த நோயாளிக்கு, சில மணி நேரமோ ஒன்றிரண்டு நாட்களோ கழித்துக் கால் செயலிழப்பதுண்டு. அப்போது ரத்த அழுத்தத்தை உயர்த்திப் பிடிக்க வேண்டும். தண்டுவட நீரை வடித்து அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். உடனே செய்தால் பலருக்குக் கால் திரும்பிவிடுகிறது. நள்ளிரவில் மணிக்கொரு தடவை நோயாளியைக் காலை அசைக்கச் சொல்லிப் பார்க்கும் செவிலியர், அசைவு குறைந்தது என்றதும் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்த பணி மருத்துவர், இவர்கள் இல்லாத இடத்தில் அறுவை அரங்கின் வெற்றிக்கு அர்த்தம் இல்லை. இந்தச் சிகிச்சையை ஒரு கைதேர்ந்த நிபுணரின் திறமையாக மட்டும் பார்ப்பது தவறு என்று நான் சொல்வது இதனால்தான். திறமையான ஒருவரை ஒரு மருத்துவமனை பணிக்கு அமர்த்திக்கொள்ளலாம். இரவு இரண்டு மணிக்குத் தவறாமல் இயங்கும் ஒரு குழுவை வருடக்கணக்கான அனுபவத்தில்தான் உருவாக்க முடியும்.

இனி ஆதாரத்துக்கு வருவோம். சாதாரண வயிற்றுத் தமனி வீக்கத்துக்குக் குழாய் சிகிச்சையையும் திறந்த அறுவை சிகிச்சையையும் ஒப்பிட்ட மிக முக்கியமான ஆய்வு, பிரிட்டனில் 1999 முதல் 2004 வரை 37 மருத்துவமனைகளில் 1,252 நோயாளிகளைச் சேர்த்து நடந்த ‘ஈவார் 1’. முதல் 30 நாட்களில் இறந்தவர்கள் குழாய்ச் சிகிச்சையில் 1.8 சதவீதம், திறந்த சிகிச்சையில் 4.3 சதவீதம். இந்த எண்கள்தான் உலகெங்கும் மருத்துவமனைகளின் போக்கையே மாற்றின. ஆனால், ஆய்வாளர்கள் அதோடு நிறுத்தவில்லை. 15 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2016இல் வெளியிட்ட முடிவு வேறு கதை சொன்னது. முதல் சில ஆண்டுகளிலேயே அந்த ஆதாயம் கரைந்துவிட்டது. 8 ஆண்டுகளுக்குப் பிறகு குழாய்ச் சிகிச்சை பெற்றவர்களிடமே இறப்பு கூடுதலாக இருந்தது. அதற்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று, சரிசெய்துவிட்டதாக நினைத்த அதே வீக்கம் மறுபடி வெடித்தது: குழாய் பிரிவில் இப்படி 13 பேர் இறந்தார்கள், திறந்த சிகிச்சைப் பிரிவில் 2 பேர். குழாயின் விளிம்பு வழியாகவோ இணைப்பு வழியாகவோ ரத்தம் கசிந்து பழைய பைக்குள் மறுபடி அழுத்தம் ஏறுவதுதான் இதன் வழி. கசிவை உரிய நேரத்தில் கண்டுபிடித்தால், பெரும்பாலும் இன்னொரு சிறு சிகிச்சையில் அடைத்துவிடலாம். கண்டுபிடிக்க ஆண்டுதோறும் ஸ்கேன் வேண்டும். ஸ்கேன் எடுக்க யாராவது நோயாளியை நினைவு வைத்துக் கூப்பிட வேண்டும்.

அந்த ஆய்வில் பயன்பட்டவை பழைய தலைமுறைக் குழாய்கள், இப்போதையவை மேம்பட்டவை என்று பதில் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த ஆய்வில் சேர்ந்தவர்கள் எல்லாம் நல்ல ‘கழுத்து’ உள்ளவர்கள். ஒரே ஒரு குழாயும், இரு கால்களின் பக்கம் இறங்கும் அதன் இரு பிரிவுகளும் போதுமானவர்கள். சிக்கலான வீக்கத்தில் நான்கு கிளைகள், நான்கு கூடுதல் ஸ்டென்ட்கள், அவற்றுக்கு இடையே பல இணைப்புகள். பழுதாகக்கூடிய இடங்கள் அத்தனை மடங்கு. எளிய வீக்கத்திலேயே 8ஆம் ஆண்டுக்குப் பிறகு தலை தூக்கிய பிரச்சினை இங்கே வராது என்று நம்ப எந்த நியாயமும் இல்லை. அதோடு, ஈவார் ஆய்வைப் போன்ற அளவில், குலுக்கல் முறையில் நோயாளிகளைப் பிரித்து ஒப்பிட்ட ஆய்வு சிக்கலான வீக்கங்களுக்கு நடக்கவில்லை. நம்மிடம் இருப்பவை தேர்ந்த மையங்கள் தங்கள் நோயாளிகளைப் பற்றி வெளியிட்ட தொகுப்புகள். கிரீன்பெர்க் குழு 2008இல் இரண்டு முறைகளையும் ஒப்பிட்டு வெளியிட்ட 700க்கும் மேற்பட்ட நோயாளிகளின் தொகுப்பில், 30 நாள் இறப்பு குழாய் முறையில் 5.7, திறந்த முறையில் 8.3 சதவீதம், ஓராண்டு முடிவில் இரண்டிலும் ஏறத்தாழ 16 சதவீதம். உலகின் தலைசிறந்த கைகளிலேயே வித்தியாசம் ஓராண்டுக்குள் மறைந்துபோனது.

அந்தக் கைகளுக்கு வெளியே என்ன நடக்கிறது என்பதுதான் என்னை மிகவும் உறுத்தும் கேள்வி. இதற்குத் திறந்த அறுவை சிகிச்சையின் வரலாறு தெளிவான பாடம் தருகிறது. ஹூஸ்டனில் ஜோசப் கோசெல்லி குழு 3,309 நெஞ்சு-வயிற்றுத் தமனி அறுவை சிகிச்சைகளின் முடிவை 2016இல் வெளியிட்டது. இறப்பு 7.5 சதவீதம். இவ்வளவு பெரிய அறுவை சிகிச்சைக்கு அது வியக்கத்தக்க சாதனை. ஆனால் கலிபோர்னியா மாநிலம் முழுவதும், எல்லா மருத்துவமனைகளிலும் நடந்த இதே அறுவை சிகிச்சைகளை ஆராய்ந்து 2006இல் வெளியான கட்டுரை, வெடிக்காத வீக்கத்துக்குத் திட்டமிட்டுச் செய்துகொண்டவர்களில் 19 சதவீதம் பேர் 30 நாட்களுக்குள்ளும் 31 சதவீதம் பேர் ஓராண்டுக்குள்ளும் இறந்ததாகக் காட்டியது. காலமும் நோயாளிகளும் வேறு என்பதால் இரண்டையும் அப்படியே தராசில் வைக்க முடியாது. ஆனாலும் இடைவெளியின் பருமனை அது மட்டும் விளக்கிவிடாது. புகழ்பெற்ற மையத்தின் எண்ணைக் காட்டி ஒப்புதல் கையெழுத்து வாங்கிவிட்டு, ஆண்டுக்கு இரண்டு மூன்று பேருக்குச் செய்யும் இடத்தில் அறுவை சிகிச்சை நடந்தால், அந்த நோயாளியிடம் சொன்னது அவருக்குப் பொருந்தாத எண். குழாய் சிகிச்சைக்கும் இதே ஆபத்து அப்படியே பொருந்தும். நெஞ்சைத் திறக்கத் தயங்கும் மருத்துவமனைகள்கூட, தழும்பு சிறிது என்ற துணிச்சலில் இதில் இறங்கிவிடும் வாய்ப்பு இருப்பதால் ஆபத்து கூடுதல் என்றே சொல்வேன்.

குவிப்பதால் பலன் வருமா? பிரிட்டன் இதற்குச் சாட்சி. 2008இல் ஐரோப்பிய நாடுகளின் ரத்தநாளப் பதிவேடுகளை ஒப்பிட்டபோது, திட்டமிட்ட வயிற்றுத் தமனி அறுவை சிகிச்சையில் ஐரோப்பிய சராசரி இறப்பு 3.5 சதவீதமாக இருக்க, பிரிட்டனில் 7 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. அந்நாட்டு ரத்தநாள அறுவை சிகிச்சைச் சங்கம் அதை மறைக்கவில்லை, மறுக்கவும் இல்லை. ஒவ்வொரு அறுவை சிகிச்சையையும் தேசியப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்றது. சிறு மருத்துவமனைகளில் சிதறிக் கிடந்த சேவையை வட்டார மையங்களுக்குக் கொண்டுபோனது. மருத்துவமனை வாரியாக முடிவுகளை மக்கள் பார்க்கும்படி வெளியிட்டது. நான்கைந்து ஆண்டுகளில் இறப்பு மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியது. அதே காலத்தில் குழாய் சிகிச்சை பெருகியதும் இதற்கு ஒரு காரணம். முழுப் பெருமையையும் குவிப்புக்கே கொடுப்பது நேர்மையாகாது. ஆனால் பதிவேடும் குவிப்பும் இல்லாமல் அந்தப் பெருக்கம் இவ்வளவு பாதுகாப்பாக நடந்திருக்காது. ஐரோப்பிய ரத்தநாள அறுவை சிகிச்சைச் சங்கத்தின் 2019 வழிகாட்டி, ஆண்டுக்கு 20க்கும் குறைவாகச் செய்யும் மையங்கள் வயிற்றுத் தமனி வீக்கச் சிகிச்சையில் ஈடுபடவே கூடாது என்றது. சாதாரண வீக்கத்துக்கே அந்த வரம்பு என்றால், நான்கு கிளைகள் கொண்ட சிக்கலுக்கு அதைவிடக் கடுமையான வரம்பு வேண்டாமா?

பதிவேடு எவ்வளவு அவசியம் என்பதற்கு இன்னொரு கசப்பான உதாரணம் உண்டு. வீக்கத்தின் பையையே பாலிமர் நிரப்பிய உறைகளால் அடைத்துவிட்டால் கசிவுக்கு இடமே இருக்காது என்ற அழகான யோசனையோடு நெல்லிக்ஸ் என்ற கருவி 2013இல் ஐரோப்பாவில் விற்பனைக்கு அனுமதி பெற்றது. ஆரம்ப முடிவுகள் எல்லோரையும் ஈர்த்தன. ஆண்டுகள் செல்லச் செல்ல, கருவி இடம் நகர்வதும், பை மறுபடி பெருப்பதும், வீக்கம் வெடிப்பதும் தெரியவந்தன. 2019 தொடக்கத்தில் அது திரும்பப் பெறப்பட்டது. திரும்பப் பெறுவது என்பது அலமாரியில் இருக்கும் சரக்குக்குத்தான். நோயாளியின் வயிற்றுக்குள் இருப்பதை யார் திரும்பப் பெறுவது? யார் யாருக்கு எந்தத் தேதியில் அது பொருத்தப்பட்டது என்ற பட்டியல் இருந்த இடங்களில் அவர்களைத் தேடிப்பிடித்துக் கூடுதலாகக் கண்காணிக்க முடிந்தது. பட்டியல் இல்லாத நாட்டில், தன் வயிற்றில் என்ன இருக்கிறது என்பதே தெரியாமல் ஒருவர் வாழ்ந்துகொண்டிருப்பார்.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லப்படுவதில் மிகவும் வலுவானது தூரம். பெருந்தமனி வெடித்தவரை 300 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மையத்துக்கு அனுப்பச் சொல்வது மரண தண்டனை அல்லவா என்கிறார்கள். வெடித்த சாதாரண வயிற்று வீக்கத்துக்கு இது சரியான கேள்வி. அதற்கான அவசரச் சேவை அருகிலேயே வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் சிக்கலான வீக்கங்களில் மிகப் பெரும்பாலானவை திட்டமிட்டுச் செய்யப்படுபவை. அளவெடுத்துத் தைத்த குழாய்க்கு வாரக்கணக்கில் காத்திருக்கப்போகிறவருக்கு ஒரு நாள் ரயில் பயணம் தடையாகாது. காத்திருக்க முடியாதவர்களுக்காக நான்கு கிளைகளோடு முன்கூட்டியே தயாரித்த ஆயத்தக் குழாய்களும் வந்துவிட்டன. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2024 ஜனவரியில் அப்படிப்பட்ட ஒன்றுக்கு அனுமதி அளித்தது. அதற்கு முன்பு வரை அந்நாட்டில் கிளை வைத்த குழாய்களைப் பெரும்பாலும் அரசின் சிறப்பு ஆய்வு அனுமதி பெற்ற சில மையங்களே, ஒவ்வொரு நோயாளியின் விவரத்தையும் பதிவுசெய்யும் கட்டாயத்தோடு, பொருத்திவந்தன. அந்த ஏற்பாடு மெதுவானது, பலரைக் காக்க வைத்தது என்ற குறை உண்டு. ஆனாலும் உலகுக்குக் கிடைத்திருக்கும் நம்பகமான முடிவுகளில் பெரும்பகுதி அந்தக் கட்டுப்பாட்டுக்குள்ளிருந்தே வந்தது. ஆயத்தக் குழாய்கள் பெட்டியில் வந்து இறங்கும் காலத்தில்தான், யார் வேண்டுமானாலும் பொருத்தலாம் என்ற மயக்கம் கூடுதலாக வரும்.

திறந்த அறுவை சிகிச்சையைத் தாங்கவே முடியாத முதியவருக்கு வேறு வழி என்ன என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான், இந்தச் சிகிச்சை பிறந்ததே அவர்களுக்காகத்தான். ஆனால் இங்கும் பிரிட்டனின் ‘ஈவார் 2’ ஆய்வைப் படிக்க வேண்டும். திறந்த அறுவை சிகிச்சைக்கு உடல் தகுதி இல்லாதவர்களில் ஒரு பிரிவினருக்குக் குழாய் பொருத்தினார்கள், மற்றவர்களுக்குப் பொருத்தவில்லை. குழாய் பொருத்தியவர்களில் வீக்கத்தால் இறந்தவர்கள் குறைந்தார்கள். ஆனால் மொத்த இறப்பில் வித்தியாசம் இல்லை. இதயமும் நுரையீரலும் ஏற்கெனவே நொடித்தவர்களை அந்த நோய்களே கொண்டுபோயின. அதற்காக முதியவர்களுக்குச் சிகிச்சையை மறுக்கச் சொல்லவில்லை. செய்யாமல் விடுவதும் ஒரு மருத்துவ முடிவுதான் என்பதை நோயாளியிடமும் குடும்பத்திடமும் உட்கார்ந்து பேசும் துணிவு வேண்டும் என்கிறேன். பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2018இல் வெளியிட்ட வரைவு, திட்டமிட்ட குழாய் சிகிச்சையையே பெருமளவு கைவிடச் சொன்னது. எதிர்ப்பு கிளம்பி, 2020இல் வந்த இறுதி வழிகாட்டி தளர்ந்தது. ஆனால் சிக்கலான வீக்கங்களுக்கு மட்டும், இரண்டு வழிகளின் ஆபத்தையும் நோயாளிக்கு விளக்கிச் சிறப்பு ஒப்புதல் பெற வேண்டும், தணிக்கைக்கும் ஆய்வுக்கும் ஏற்பாடு இருக்க வேண்டும் என்ற நிபந்தனை நிலைத்தது. வரைவு அளவுமீறிப் போனது என்றே நினைக்கிறேன். இறுதியில் நின்ற நிபந்தனை மிகச் சரி.

குவித்தால் இளம் மருத்துவர்கள் எங்கே கற்பார்கள் என்றும் கேட்கிறார்கள். அதிகம் நடக்கும் இடத்தில்தான் கற்க முடியும் என்பதைத் தவிர இதற்கு நீண்ட பதில் தேவையில்லை.

நம் ஊருக்கு இது எந்த அளவு பொருந்தும்? பிரிட்டனில் வாழும் தெற்காசிய வம்சாவளி ஆண்களிடம் வயிற்றுத் தமனி வீக்கம் வெள்ளையர்களைவிட வெகு குறைவு என்று அங்கு நடந்த பரிசோதனைகள் காட்டியிருக்கின்றன. எனவே, அங்கே 65 வயதான எல்லா ஆண்களையும் அழைத்து அல்ட்ராசவுண்டு எடுப்பதுபோல இங்கே செய்யச் சொல்வது வீண் செலவாகலாம். நோய் அரிது என்பதே குவிக்க வேண்டும் என்பதற்குக் கூடுதல் காரணம்; குறைவான நோயாளிகளை நூறு மருத்துவமனைகளுக்குப் பிரித்தால் யாருக்கும் அனுபவம் சேராது. விலை மற்றொரு காரணம். 2017 பிப்ரவரியில் மத்திய அரசு விலை உச்சவரம்பு கொண்டுவந்தது இதய ரத்தக்குழாய் ஸ்டென்ட்களுக்குத்தான். பெருந்தமனிக் குழாய்கள் அதைவிடப் பல மடங்கு விலை கொண்டவை; சிக்கலான வீக்கத்துக்கு ஒன்றல்ல, பல பாகங்கள் வேண்டும். சில மையங்கள் சேர்ந்து மொத்தமாக வாங்கினால் பேரம் பேசும் பலம் கிடைக்கும். அரசுக் காப்பீடு பணம் தரும்போது, பதிவேட்டில் ஏற்றினால்தான் தொகை என்றும், ஆண்டு ஸ்கேனுக்கான செலவும் அதே தொகுப்பில் அடங்கும் என்றும் நிபந்தனை போடலாம். குழாய்க்கு லட்சங்கள் கொடுத்துவிட்டு, அடுத்த ஆண்டு ஸ்கேனுக்கு நோயாளியைக் கடன் வாங்க விடுவது, கொடுத்த லட்சங்களையும் வீணடிப்பதாகும்.

இதெல்லாம் நம்மால் ஆகிற காரியமா என்று தயங்க வேண்டியதில்லை. மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்பு தானத்தைத் தமிழ்நாடு 2008 முதல் எப்படி ஒழுங்குபடுத்தியது என்பது நாடே அறிந்தது. உரிமம் பெற்ற மருத்துவமனைகள், ஒரே காத்திருப்போர் பட்டியல், அரசும் தனியாரும் உட்பட்ட பொது விதிகள் என்று கட்டியெழுப்பிய ஏற்பாடு அது. அங்கும் ஆரம்பத்தில் எதிர்ப்பு இருந்திருக்கும், ஆனாலும் நடந்தது. பெருந்தமனிக்கு அதில் பாதி உழைப்பு போதும். எந்த மையங்கள் செய்யலாம் என்ற உரிமம், எந்தக் கருவி யாருக்குப் பொருத்தப்பட்டது என்ற பதிவு, ஓராண்டு, ஐந்தாண்டு முடிவுகளை மக்கள் பார்க்கும்படி வெளியிடும் கட்டாயம் ஆகியவற்றை மாநிலச் சுகாதாரத் துறை ஓர் அரசாணையில் தொடங்கிவைக்கலாம்.

அதுவரை, குடும்பத்தில் யாருக்காவது பெருந்தமனி வீக்கம் என்று தெரியவந்தால், முதலில் புகைப்பதை நிறுத்துங்கள். ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வையுங்கள். உடன்பிறந்தவர்களையும் ஒரு முறை ஸ்கேன் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சிகிச்சை முடிவாகும் முன் மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்: இதே சிகிச்சையை உங்கள் குழு சென்ற ஆண்டு எத்தனை பேருக்குச் செய்தது, அவர்களில் எத்தனை பேர் ஓராண்டுக்குப் பிறகு உயிரோடு இருக்கிறார்கள், எத்தனை பேருக்குக் கால் செயலிழந்தது, ஐந்தாவது ஆண்டு ஸ்கேனுக்கு எங்களை யார் கூப்பிடுவார்கள்? நல்ல மருத்துவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். பொருத்திய கருவியின் பெயர், எண், தேதி எல்லாம் உள்ள அட்டையைக் கேட்டு வாங்கி, ரேஷன் கார்டோடு பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.